பழைய டீசல் வண்டியில் பயோடீசல் ஊற்றியதிலிருந்து ஃபில்டர் விளக்கு எரிகிறது. ஒயரைக் கழற்றிவிடலாமா?

உங்கள் கேள்வி இதுதானே: வண்டிக்கு 14 வயது. 20 சதவீதம் பயோடீசல் கலந்து ஓட்டத் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. டேஷ்போர்டில் டீசல் ஃபில்டர் விளக்கு எரிகிறது. மெக்கானிக் "சென்சார் கோளாறு, ஒயரைக் கழற்றிவிடலாம்" என்கிறார்.

தயவுசெய்து கழற்றாதீர்கள். அந்த விளக்கு பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறது.

என்னுடையது 2009 மாடல், காமன் ரெயில் இன்ஜின், அதாவது ஒரே பொதுக் குழாயிலிருந்து அதிக அழுத்தத்தில் எல்லா சிலிண்டருக்கும் டீசல் போகும் வகை. கோவையில் பயன்படுத்திய சமையல் எண்ணெயில் தயாரித்த பயோடீசல் கிடைத்ததும் உங்களைப் போலவே 20 சதவீதத்தில் ஆரம்பித்தேன். நாலாவது டேங்கில் இழுவை குறைந்தது, விளக்கும் எரிந்தது. ஃபில்டருக்கு அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி, காலியான தேன் பாட்டிலில் கொஞ்சம் பிடித்து ஜன்னலோரம் வைத்தேன். பத்து நிமிடத்தில் தெளிந்துவிட்டது. மேலே டீசல், அடியில் விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர், இரண்டுக்கும் நடுவே பால் ஆடை மாதிரி ஒரு பழுப்புப் படலம். எண்ணெயும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் வளரும் கிருமிகள்தான் அந்த ஆடை. அதைக் கண்ணால் பார்த்த பிறகு சென்சாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பயோடீசல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் குணம் உள்ளது. சாதாரண டீசலால் அவ்வளவு ஈரத்தைக் கரைத்து வைத்திருக்க முடியாது. இரண்டையும் கலக்கும்போது, பயோடீசல் பிடித்து வைத்திருந்த தண்ணீர் பிரிந்து அடியில் இறங்கிவிடும். இரவில் டேங்க் குளிர்ந்தாலும் இதே கதைதான். அதனால்தான் பயோடீசலுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 15607, ஒரு கிலோவில் 500 மில்லிகிராமுக்கு மேல் தண்ணீர் இருக்கக் கூடாது என்கிறது. டிரம்மில் மூடி சரியில்லாமல் மாதக்கணக்கில் கிடந்த சரக்கு இந்த அளவுக்குள் நிற்காது.

தண்ணீரே இல்லாமல் ஃபில்டர் அடைத்துக்கொள்வதும் உண்டு. பழைய வண்டிகளில் இதுதான் அதிகம். 14 வருட டீசல் உங்கள் டேங்கின் அடியிலும் பைப்பிலும் ஒரு பிசினைப் படிய வைத்திருக்கும். பயோடீசல் நல்ல கரைப்பான். அந்தப் பிசினைக் கரைத்து, துருவோடு சேர்த்து ஃபில்டருக்கு அனுப்பிவிடும். கழற்றிய ஃபில்டரை நான் ஆக்ஸா பிளேடால் அறுத்துப் பார்த்தேன். மடிப்பு மடிப்பான காகிதத்தில் டிகாக்‌ஷன் இறங்கிய காபித்தூள் போலக் கருப்பாக அப்பிக் கிடந்தது. அதெல்லாம் பயோடீசலில் வந்த அழுக்கு அல்ல, என் டேங்கிலேயே இருந்த அழுக்கு. முதல் ஃபில்டர் 1,500 கிலோமீட்டர்கூடத் தாங்கவில்லை, இரண்டாவது 4,000 வந்தது. மூன்றாவதிலிருந்து பழையபடி சர்வீஸுக்கு சர்வீஸ் மாற்றினால் போதும் என்றாகிவிட்டது. ஆகவே முதல் இரண்டு ஃபில்டர் போனதை வைத்து எரிபொருளைக் கைவிட்டுவிடாதீர்கள். முடிந்தால் டேங்கை ஒருமுறை இறக்கிக் கழுவிவிடுங்கள். நான் அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

ஆனால் வாங்கும் சரக்கு நல்லதா என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு. பாட்டிலில் பாதி தண்ணீர், பாதி கலக்காத பயோடீசல் ஊற்றிப் பத்து விநாடி நன்றாகக் குலுக்கி வையுங்கள். அரை மணி நேரத்தில் இரண்டும் தெளிவாகப் பிரிய வேண்டும். நடுவில் மோர் போல வெள்ளையாக நின்றால் சோப்பு இருக்கிறது, சரியாகக் கழுவாத சரக்கு. ஒரு சொட்டுகூட ஊற்றாதீர்கள். பஜ்ஜிக் கடை எண்ணெயை வடிகட்டி நேராக டேங்கில் ஊற்றுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அது பயோடீசலே இல்லை. மெத்தனாலோடு வினை புரிய வைத்து, கிளிசரினைப் பிரித்த பிறகுதான் அதற்கு அந்தப் பெயர். இதை வீட்டில் செய்து பார்க்கும் ஆசையும் வேண்டாம். மெத்தனால் கொடிய விஷம், உரிமம் இல்லாமல் வைத்திருப்பதும் குற்றம்.

அப்புறம் ரப்பர் ஓஸ்கள். பழைய வண்டியின் ரப்பர் பயோடீசலில் ஊறி உப்பும், பிசுபிசுக்கும். கையால் அழுத்திப் பாருங்கள், மெத்தென்று இருந்தால் பயோடீசலைத் தாங்கும் வைட்டான் ரப்பர் ஓஸ் கேட்டு வாங்கி மாற்றுங்கள். உங்கள் வண்டியின் கையேட்டில் பயோடீசல் கலப்புக்கு வரம்பு சொல்லியிருந்தால் அதைத் தாண்ட வேண்டாம். நம் பங்க் டீசலுக்கான தரமே 7 சதவீதம் வரை அனுமதிக்கிறது.

நீங்கள் மலைப்பக்கம் போகிறவரா என்று தெரியவில்லை. நம் ஊர்க் கடைகளில் மிஞ்சும் எண்ணெய் பெரும்பாலும் பாமாயில். அதில் செய்த பயோடீசல் 13 டிகிரி வாக்கிலேயே மெழுகுபோல உறையத் தொடங்கும். பாதிக்குப் பாதி கலந்து ஒரு டிசம்பரில் ஊட்டிக்குப் போனேன். காலையில் வண்டி கிளம்பியது, இரண்டு நிமிடத்தில் நின்றது. விடுதியில் வெந்நீர் வாங்கி, துணியை நனைத்து ஃபில்டரைச் சுற்றி வைத்த பிறகுதான் ஓடியது. இப்போது மேட்டுப்பாளையம் வருவதற்குள் டேங்க் நிறையப் பங்க் டீசல்தான்.

நீங்கள் இன்றே செய்ய வேண்டியது ஒன்றுதான்: இன்ஜினை நிறுத்தி, அந்தத் திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். தண்ணீர் தெரிந்தால், சுத்தமான டீசல் வரும்வரை வடித்துவிட்டு, அடுத்த டேங்கை வெறும் டீசலில் ஓட்டுங்கள். தண்ணீர் இல்லையென்றால் ஃபில்டரை மாற்றி, டீசல் பைப்பில் சிக்கிய காற்றை வெளியேற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். காமன் ரெயிலில் அழுத்தம் 1,000 பாருக்கு மேல். தண்ணீரோடு ஓட்டினால் பம்பும், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரும் சேர்ந்தே போகும். ஒரு இன்ஜெக்டர் விலைக்குப் பத்து ஃபில்டர் வாங்கலாம். மாற்றிய பிறகும் விளக்கு எரிந்தால் பாட்டிலைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.