சாப்பாட்டு டிக்கெட்டுக்கு 80ஜி ரசீது கிடைக்குமா? – வரி கேள்வி பதில்

கோத்தகிரி வாசகி: எஸ்டேட் வேலைக்குப் போறவங்க பிள்ளைங்களுக்கு சாயங்கால டியூஷன் நடத்துற சின்ன ட்ரஸ்ட் எங்களுது சார், 12ஏபி (ட்ரஸ்ட் வருமானத்துக்கு வரி விலக்கு), 80ஜி (நன்கொடை குடுக்கறவருக்கு வருமான வரியில கழிவு) ரெண்டு பதிவும் இருக்கு. 2025 மே சீசன்ல ஹால் எடுத்து படுகர் சாப்பாடு, பாட்டுன்னு ஒரு நாள் விழா வச்சு டிக்கெட் 1,500 ரூபாய்க்கு வித்தோம். இப்ப வந்தவங்க எல்லாரும் 1,500க்கும் 80ஜி ரசீது கேக்குறாங்க, இல்லேன்னா அடுத்த வாட்டி வரமாட்டாங்க போல. குடுக்கலாமா?

குடுக்காதீங்கம்மா. ஒரு விஷயத்தை மட்டும் பாருங்க, பணம் குடுத்தவருக்கு பதிலுக்கு என்ன கிடைச்சுது? எண்ணெ ஹிட்டு சாப்பிட்டு, பாட்டு கேட்டு, ஃபோட்டோ எடுத்துட்டு போனாருன்னா அவர் குடுத்தது டிக்கெட் காசு, நன்கொடை இல்ல. எதையும் எதிர்பாக்காம குடுக்கறது தான் நன்கொடை. 1,500ல சாப்பாடு 600, மீதி 900 தானம்னு இப்ப உக்காந்து பிரிச்சு ரசீது எழுதினா நாளைக்கு யாராச்சும் கேட்டா உங்க கையில எந்த ஆதாரமும் இருக்காது. அடுத்த வாட்டி முதல்லயே பிரிச்சுடுங்க: சாப்பாட்டு கூப்பன் 600 தனி, "விருப்பப்பட்டா நன்கொடை" தனி, ரெண்டுக்கும் ரசீது புக்கும் தனி. நன்கொடை குடுக்காதவருக்கும் அதே சாப்பாடு தான் போடணும், அது முக்கியம்.

வந்தவங்க ஏன் இவ்ளோ அடம் பிடிக்கறாங்கன்னு தான் எனக்குப் புரியல. பழைய வரி ரெஜிம்ல (பழைய வரி முறை) இருக்கறவங்களுக்கு தான் 80ஜி, புது ரெஜிம்ல கிடையவே கிடையாது. பழைய ரெஜிம்லயும் உங்களை மாதிரி ட்ரஸ்ட்டுக்கு குடுத்தா பாதி தான் கழிக்க முடியும், அதுக்கும் வருமானத்துல 10 சதவீதம்னு ஒரு வரம்பு இருக்கு. 10,000 குடுத்தா 5,000 கழியும், 20 சதவீத ஸ்லாப்ல இருக்கறவருக்கு செஸ்ஸோட சேத்து 1,040 ரூபாய் மிச்சம். 1,500 டிக்கெட்டுக்கு கணக்கு போட்டா 156 ரூபாய், இதுக்கா இந்த சண்டை.

டிக்கெட்ல வந்த பணம் ட்ரஸ்ட்டோட வருமானம் தான், ஆனா வரி கட்டணும்னு பயப்படாதீங்க, அந்த விழாவுக்குன்னு தனிக் கணக்கு எழுதி, வருஷ மொத்த வருமானத்துல 85 சதவீதத்தை பிள்ளைங்க டியூஷனுக்கே செலவழிச்சா போதும். நிஜமா நன்கொடையா வந்ததுக்கு, யார் எவ்ளோ குடுத்தாங்கன்னு வருமான வரித்துறைக்கு 10பிடி படிவம் தாக்கல் பண்ணி, ஒவ்வொருத்தருக்கும் 10பிஇங்கற நன்கொடை சர்டிஃபிகேட் எடுத்துக் குடுக்கணும், கையில எழுதின ரசீது மட்டும் போதாது. 2025 மே பணம் 2025-26 கணக்கு, அதுக்கு கடைசி நாள் 2026 மே 31, அதாவது சரியா அடுத்த சீசன் விழாவுக்கு நீங்க ஹால் தேடி அலையற நேரம். லேட்டானா ஒரு நாளைக்கு 200 ரூபாய் போயிட்டே இருக்கும். அதனால விழா அன்னைக்கே பான் நம்பரை வாங்கிடுங்க, ஊருக்கு கீழ இறங்கிப் போனவங்களை அப்புறம் ஃபோன்ல பிடிக்கறது கஷ்டம். (நான் சொல்றது எல்லாம் 1961 வருமான வரிச் சட்டப்படி, 2026 ஏப்ரல் 1லேருந்து 2025 சட்டம், பிரிவு எண்கள் மாறுது.)

குன்னூர் வாசகர்: ஒரு ட்ரஸ்ட் விழாவுக்கு 50 கிலோ டீத்தூள் குடுத்தேன், கூடவே 5,000 ரூபாய் கேஷ், 20,000 குடுத்து மேடையில எங்க டீ பிராண்ட் பேனரும் வச்சேன். எதுக்கு 80ஜி?

எதுக்கும் இல்லீங்க. பொருளா குடுத்தா 80ஜி கிடையாது. கேஷ்ல 2,000 தாண்டினா அதுக்கும் கிடையாது, யுபிஐ பண்ணியிருந்தா கிடைச்சிருக்கும். பேனர் உங்களுக்கு விளம்பரம், ஆனா அதுல தான் உங்களுக்கு லாபமே இருக்கு, விளம்பரச் செலவுன்னு வியாபாரக் கணக்குல முழு 20,000மும் எழுதலாம், புது ரெஜிம்ல இருந்தாலும் சரி. பாதி கழியற 80ஜியை விட இது மேல். ட்ரஸ்ட் பக்கம் பாத்தா அது விளம்பர வருமானம், ஜிஎஸ்டி கணக்குல வரும், வருஷ டர்ன்ஓவர் 20 லட்சத்துக்குள்ள இருந்தா ரெஜிஸ்ட்ரேஷன் வேண்டாம். வெறும் "உபயம்: இன்னார்"னு ஒருத்தர் பேரை கல்லுல வெட்டி வச்சா அது விளம்பரம் இல்ல, அதுக்கு ஜிஎஸ்டி இல்லேன்னு 2019லயே சர்க்குலர் வந்தாச்சு.

கொடைக்கானல் வாசகர்: என்கூட இங்க படிச்ச ஃப்ரெண்ட் இப்ப வெளிநாட்டு குடிமகன், ஓசிஐ கார்டு (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கு குடுக்கறது) வச்சிருக்கான். லீவுக்கு வந்தப்ப எங்க முதியோர் இல்லத்துக்கு ஒரு லட்சம் தர்றேன்னான், அவனோட இங்க உள்ள பேங்க் அக்கவுண்ட்ல இருந்து தானே, வாங்கலாம்ல?

எஃப்சிஆர்ஏ பதிவு, அதாவது வெளிநாட்டு நன்கொடை வாங்கறதுக்கான மத்திய அரசு பதிவு, இல்லேன்னா வாங்கவே கூடாது. பணம் எந்த பேங்க்ல இருந்து வருதுன்னு பாக்க மாட்டாங்க, குடுக்கறவர் பாஸ்போர்ட் எந்த நாட்டுதுன்னு தான் பாப்பாங்க, ஓசிஐ வெளிநாட்டவர் கணக்கு தான். இந்திய பாஸ்போர்ட் வச்சிருக்கற என்ஆர்ஐ தன் சொந்தப் பணத்தை பேங்க் வழியா அனுப்பினா அது வெளிநாட்டு நன்கொடை இல்ல. பதிவு வாங்கியாச்சுன்னாலும் பணம் முதல்ல டெல்லி எஸ்பிஐ மெயின் பிராஞ்ச் கணக்குல தான் வந்து விழணும்.

ஊட்டி வாசகி: ஸ்டால்ல உண்டியல் வச்சோம், யார் போட்டாங்கன்னே தெரியாது. பரவாயில்லையா? பரிசுக் குலுக்கலும் வைக்கலாமான்னு ஒரு யோசனை.

குலுக்கல் சீட்டு விக்கிற யோசனையை விடுங்க, தமிழ்நாட்டுல லாட்டரிக்கு 2003லயே தடை. உண்டியல் வைக்கலாம், ஆனா பேர் முகவரி இல்லாத பணத்துக்கு ஒரு அளவு தான்: மொத்த நன்கொடையில 5 சதவீதமா ஒரு லட்சமா, எது அதிகமோ அது வரை பிரச்சனை இல்ல. வருஷத்துக்கு மொத்தம் 6 லட்சம் வந்து அதுல உண்டியல் 1,40,000னா, ஒரு லட்சம் போக மீதி 40,000க்கு 30 சதவீதம், 12,000 ரூபாய் வரி, செஸ் தனி. முழுக்க மத ட்ரஸ்ட்டுக்கு, கோயில் உண்டியல் மாதிரி, இந்த ரூல் இல்ல. நீங்க உண்டியல் பக்கத்துல ஒரு நோட்டும் பேனாவும் வச்சு பேர், ஊர், முகவரி, தொகை எழுதச் சொல்லுங்க, எழுதினவங்க பணம் இந்தக் கணக்குல வராது. பேனாவை நூல்ல கட்டி வைங்க.