வாசகர் கேள்வி பதில்: கடாரத்தைப் பிள்ளைகளுக்கு எந்தப் புத்தகத்தில் காட்டுவது?

கேள்வி: எங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி நூலகத்துக்கு, 10 முதல் 12 வயதுப் பிள்ளைகள் படிக்க, பழைய கடாரமான மலேசியாவின் கெடா மாநிலத்திலுள்ள பூஜாங் பள்ளத்தாக்கு பற்றிய புத்தகங்கள் தேடுகிறோம். ஒன்றில் மெர்போக் கோயிலை இராஜேந்திர சோழன் கட்டினான் என்று இருக்கிறது. இன்னொன்றில் தமிழர் பேச்சே இல்லை. எதை வாங்குவது?
– வாசகி, பீடோங்

பதில்: இரண்டையும் வாங்காதீர்கள். இராஜேந்திரனின் கடற்படையெடுப்பு நடந்தது 1025-இல். தஞ்சைக் கல்வெட்டின் மெய்க்கீர்த்தி (அரசனின் புகழ் பாடும் பகுதி) 'கடுமுரண் கடாரமும்' என்று அந்த வெற்றியைப் பாடுகிறது. அங்கே கோயில் எழுப்பியதாக அதில் ஒரு சொல்கூட இல்லை. அதற்காகத் தமிழ்த் தொடர்பை அடியோடு விட்டுவிடுவதும் குறைதான். பட்டினப்பாலை 'காழகத்து ஆக்கம்' என்கிறது. காழகம் கடாரமே என்பது நச்சினார்க்கினியர் உரை. பாட்டு எது, உரை எது என்று பிரித்துச் சொல்லும் புத்தகமே பிள்ளைக்கு ஏற்றது.

அடுத்து, படங்களைப் பாருங்கள். பலரும் ஏமாறுவது இங்கேதான். நீங்கள் சொல்லும் மெர்போக் கோயிலான புக்கிட் பத்து பஹாட் சண்டியில் (சண்டி என்பது பழங்கோயில்) கிடைத்தவை கருங்கல் அடித்தளமும் சுவரும், முன்மண்டபத்தில் தூண் நின்ற கல் பீடங்களும். தூணும் கூரையும் மரம் போன்ற மக்கும் பொருள்கள் என்பதால் மிஞ்சவில்லை. இன்று நாம் பார்ப்பது 1960 வாக்கில் மீண்டும் அடுக்கி நிறுத்திய கட்டடம். அதன்மேல் தஞ்சைக் கோபுரத்தை வரைந்துவிட்டு, 'கற்பனை ஓவியம்' என்று அடியில் போடாத புத்தகம் பிள்ளையைத் தவறான வழியில் விட்டுவிடும். அங்குள்ள அருங்காட்சியக வளாகத்தில் உள்ள மற்ற சில சண்டிகள் வேறு இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தவை. வரைபடம் பழைய இடத்தையும் காட்ட வேண்டும்.

பதிப்பாண்டையும் பார்க்கத் தவறாதீர்கள். அதே பள்ளத்தாக்கிலுள்ள சுங்கை பத்துவில் அகழாய்வு தொடங்கியது 2009-இல். அதற்கு முன் அச்சானவற்றில் இரும்பு உருக்கிய உலைகளோ, காற்று ஊதிய களிமண் குழாய்களோ இருக்காது. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே குவிந்து கிடக்கும் அந்தக் குழாய்கள்தாம் பிள்ளைகளை உடனே இழுக்கும். அங்குள்ள காலக்கணிப்பில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆகவே ஒரே ஆண்டை அடித்துச் சொல்லும் புத்தகத்தைவிட, உலைக்கரியை வைத்துக் காலத்தை எப்படிக் கணித்தார்கள் என்று விளக்கும் புத்தகத்துக்குப் பணம் கொடுங்கள்.

கேள்வி: படித்தபின் அங்கே கூட்டிப்போனால் என்ன செய்யச் சொல்வது?

பதில்: கட்டத்தாளில் 1 மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் என்று வைத்துச் சண்டியின் தரைப்படத்தை வரையட்டும். கண்ணால் கண்ட கல்லுக்குக் கருப்புப் பென்சில், தாங்களாக ஊகித்த கூரைக்குச் சிவப்பு. அளவு நாடாவைத் தரையில் விரித்தால் போதும். கல்மேல் தாளை வைத்துத் தேய்க்க விடாதீர்கள், சுவரில் ஏறவும் விடாதீர்கள். அடுக்கிய கற்கள் நகர்ந்துவிடும்.