நெல் வாங்குவது யார்?

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

புதுவயலில் எங்களுக்கு அரிசி ஆலை இருக்கிறது. தாத்தா காலத்தது, இப்போது அறுபது பேர் வேலை செய்கிறார்கள். அப்பா இன்னும் எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறார். போன ஆனியில் சென்னையிலிருந்து ஓர் ஆலோசகரை வரவழைத்து, கானாடுகாத்தானில் ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் பயிற்சி முகாம் நடத்தினோம். தொலைநோக்கு, குறிக்கோள், பதவி அடுக்கு எல்லாம் சார்ட் போட்டோம். நானும் மூன்று மேனேஜர்களும் போயிருந்தோம். கணக்குப் பார்க்கிற தங்கை மில்லைக் கவனித்துக்கொண்டாள். இன்றுவரை ஒரு மாற்றமும் இல்லை. சின்ன முடிவுக்கும் என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். ஒரு நிறுவனத்தில் நல்ல உத்தியையும் தலைமையையும் உருவாக்குவது எப்படி? நல்ல புத்தகங்கள் இருந்தாலும் சொல்லுங்கள்.

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

இந்த மாதிரிக் கேள்விகளுக்கு நான் வழக்கமாகப் பதில் எழுதுவதில்லை. பர்மாவில் செட்டியார்கள் நடத்திய கொடுக்கல் வாங்கல் என்ற வட்டித் தொழிலைப் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. மாட்டிக்கொண்டீர்கள்.

முதலில் திட்டிவிடுகிறேன். அரிசி ஆலையின் உத்தியைப் பற்றிக் கேட்கிறீர்கள். கடிதத்தில் நெல் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. நுகர்பொருள் வாணிபக் கழகத்துக்கு அரைத்துக் கொடுத்துக் கூலி வாங்குவதா, சொந்தப் பணத்தில் நெல் பிடித்துப் பை போட்டு விற்பதா? இரண்டும் என்றால் எதில் எவ்வளவு பணம்? உங்கள் மில்லுக்கு உத்தி என்பது இவ்வளவுதான். அதைத் தீர்மானிக்காமல் பதவி அடுக்கை வரைந்து என்ன பயன்? டூபாண்ட், ஜெனரல் மோட்டார்ஸ் போன்ற அமெரிக்க நிறுவனங்களின் வரலாற்றைத் துருவிய ஆல்ஃபிரட் சாண்ட்லர் 1962இலேயே சொல்லிவிட்டார், உத்தி முன்னே, அமைப்பு பின்னே என்று. தொலைநோக்கு வாசகத்தைச் சுவரில் மாட்டியிருந்தால் இருக்கட்டும், கெடுதல் இல்லை. புத்தகம் இப்போதைக்கு வேண்டாம்.

தலைமைக்கு வருகிறேன். என் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், பர்மாவில் ஒரு வட்டிக் கடைக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது தொழில் பழகுகிற கடைநிலைப் பையனாகப் போனவர். அப்புறம் ஏஜெண்டுக்கு உதவியாளரான அடுத்தாள், கடைசியில் கடையையே நடத்துகிற ஏஜெண்டு. ஒரு தடவை போனால் மூன்று வருஷம், அதற்கு ஒரு கணக்கு என்று பெயர். முதலாளி தேவகோட்டையில், கடை ஐராவதி டெல்டாவில், நடுவில் கப்பல் தபால். யாருக்குக் கடன் கொடுப்பது, என்ன அடமானம் வாங்குவது என்பதை அங்கே இருக்கிறவர்தான் முடிவு செய்தாக வேண்டும். முதலாளியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றால் நடவு முடிந்துபோகும். ஊர் திரும்பியதும் ஐந்தொகையை, அதாவது வரவு செலவு முடிவுக் கணக்கை வைத்துப் பேச்சு. அதுவரை அவர்தான் முதலாளி.

ஐயா அலுக்காமல் சொன்னது கடையை ஒப்படைக்கிற கதையை. புது ஏஜெண்டு வந்து இறங்கிய உடனே பழையவர் கப்பலேறிவிட மாட்டாராம். இருவரும் பேரேட்டை விரித்து, பற்றுப் பற்றாகப் பார்த்து, கிராமம் கிராமமாகப் போய்வருவார்கள். "இவன் வட்டியில் பாக்கி வைத்ததே இல்லை. ஆனால் போன தடவை உழவு எருமையை விற்றுக் கட்டினான். இனிமேல் பார்த்துக் கொடுங்கள்." எருமை விற்ற சங்கதி எந்தப் பேரேட்டில் இருக்கும்? அடுத்தாள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். ஐயா தொழில் கற்றது அப்படி நின்றுதான். உங்கள் மேனேஜர்கள் மூன்று பேரும் ஏசி அறையில் இரண்டு நாள் உட்கார்ந்தார்களே, எந்த புரோக்கர் லோடில் அடி மூட்டை ஈரமாக வருகிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்களா?

முன்னோர் பெருமை என்று இதைக் வாட்ஸ்அப்பில் சுற்றவிட வேண்டாம். கெட்டிக்கார ஏஜெண்டுகள் அத்தனை பேரும் சேர்ந்து ஒரே விளைச்சலின் மேல் பணத்தைக் கொட்டி வைத்திருந்தார்கள். 1930இல் அரிசி விலை சரிந்தது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசம் இருந்த நிலம் 1930இல் 6 சதவீதம். 1938இல் 25 சதவீதம். கொடுத்த பணத்துக்கு மண் வந்து சேர்ந்தது. 1942இல் ஜப்பான் படை நுழைந்தது, விடுதலைக்குப் பிறகு நிலம் தேசியமயமானது, அந்த மண்ணும் போயிற்று. நிலத்தை இழந்த பர்மியக் குடியானவனின் வயிற்றெரிச்சல் தனிக் கதை. அதை நம் ஆட்கள் எழுதவே மாட்டார்கள்.

இதை முன்கூட்டிப் பார்க்க வேண்டியது ஏஜெண்டு அல்ல, முதலாளி. அவனவன் கடையில் அவனவன் கணக்கு நேராகத்தான் இருந்தது. பர்மாவில் தொழில் தொடங்கிய முருகப்பா குடும்பம் போருக்கு முன்பே முதலீட்டை இந்தியாவுக்குத் திருப்பியது. 1949இல் சைக்கிள் கம்பெனியைத் தொடங்கிவிட்டது. உங்கள் அப்பா பார்க்க வேண்டியது அந்த மாதிரி விஷயங்களை. டீசல் வவுச்சரை அல்ல.

இன்னொரு கோபமும் இருக்கிறது. எந்த ஊர் நெல்லில் எவ்வளவு அரிசி கண்டது, யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பது தங்கையின் விரல் நுனியில் இருக்கும். அந்தப் பெண்ணை மில்லில் காவலுக்கு விட்டுவிட்டு உத்தி பேசப் போயிருக்கிறீர்கள். அந்தக் காலத்துக் கடைகளிலும் பெண்ணுக்கு இடமில்லை. அதில் மட்டும் ஏன் மரபைக் காப்பாற்றுகிறீர்கள்?

வருகிற தையில் ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்துக் கொள்முதல் முழுவதையும் ஒருவர் கையில் கொடுங்கள். தங்கையாக இருந்தால் எனக்குச் சந்தோஷம், மேனேஜர் என்றாலும் சரி. இவ்வளவு ரூபாய் வரை யாரையும் கேட்க வேண்டாம் என்று எழுதிக் கையில் கொடுங்கள். அரசுக் கொள்முதலில் ஈரப்பதம் 17 சதவீதம் வரை. களத்தில் 19 இருந்தால் விலையைக் குறைத்து எடுப்பதா விடுவதா என்பது நெல்லை உள்ளங்கையில் அள்ளிப் பார்க்கிற ஆளின் முடிவு. மாசி கடைசியில் கணக்கோடு உட்காருங்கள், அடுத்த பருவத்துக்கு வரப்போகிறவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அதற்கு நடுவே லோடு ஏறும்போதெல்லாம் அப்பா களத்துக்கு போன் போடுவார். அவரைச் சண்டை போட்டாவது நிறுத்துகிற வேலை உங்களுடையது. சம்பளத்துக்கு இருக்கிற அறுபது பேரில் யாராலும் அதைச் செய்ய முடியாது.

அன்புடன்.