ஓட்டல் சாப்பாடு, உடல் எடை – கடிதம்

அன்புள்ள அக்கா,

மருந்து கம்பெனியில் ரெப்பாக இருக்கிறேன். வயது 41. வாரத்தில் ஐந்து நாள் விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, திருநெல்வேலி என்று அலைச்சல். எடை 91 கிலோ. பத்து கிலோவாவது குறைத்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லி ஏழு மாதம் ஆகிவிட்டது. மதியச் சாப்பாட்டையே நிறுத்திப் பார்த்தேன். டீயிலேயே பகலை ஓட்டிவிடுவேன். ராத்திரி பத்து மணிக்குப் பரோட்டாக் கடையில் உட்கார்ந்தால் கை நிற்பதில்லை. இரண்டு கிலோ ஏறியதுதான் மிச்சம். டப்பா கட்டிக்கொண்டு திரிய இந்த வேலையில் வழியில்லை. ஓட்டலில் சாப்பிடுகிறவன் எடையைக் குறைக்கவே முடியாதா?

ஆர்.

அன்புள்ள தம்பி,

முடியும். ஓட்டலிலேயே சாப்பிட்டு நான் குறைத்திருக்கிறேன். அம்மாவை மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது நான்கு மாதம் எனக்கு மூன்று வேளையும் எதிரே இருந்த ஓட்டல்தான். முதல் மாதம் ஏறியது. அடுத்த மூன்று மாதத்தில் நாலு கிலோ இறங்கியது. ஓட்டல் அதேதான். இடையில் நான் வாய்விட்டுக் கேட்கப் பழகியிருந்தேன்.

கூட்டமில்லாத ஒரு சாயங்காலம் தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. மாஸ்டர் கல்லில் தண்ணீர் தெளித்தார், துடைப்பத்தால் ஒரு இழுப்பு இழுத்தார், மாவை ஊற்றித் தேய்த்தார். பிறகு கிண்ணத்திலிருந்து எண்ணெயை மொண்டு ஓரம் முழுக்கச் சுற்றிவிட்டார். நடுவில் ஒரு தடவை. மடிக்கும் முன் இன்னொரு தடவை. ஒரு மேஜைக்கரண்டி எண்ணெயில் ஏறக்குறைய 120 கலோரி. இரண்டு இட்லிக்குச் சமம். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு ஒரு நாள் முழுவதற்கும் எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து 27 கிராம் என்று போட்டிருக்கிறார்கள். அது ஏறக்குறைய இரண்டு மேஜைக்கரண்டி. என் கண் முன்னால் ஒரே ரோஸ்ட்டில் அந்த நாள் கணக்கு முடிந்துவிட்டது.

மறுநாள் சப்ளையரிடம், "அண்ணே, எண்ணெய் விடாம ஒரு ஊத்தப்பம் கிடைக்குமா?" என்று கேட்டேன். கேட்பதற்குள் எனக்குத் தொண்டை அடைத்தது. அவரோ திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஒரு ஊத்தப்பம், எண்ணெய் இல்லாம!" என்று உள்ளே குரல் கொடுத்தார். அவ்வளவுதான். நாலாவது நாள் நான் சொல்லாமலே வந்தது. சர்க்கரைக்காரர்கள் தினமும் கேட்பதுதானே, கடைக்காரர்களுக்கு இது பழக்கம். நமக்குத்தான் கூச்சம். காசு கொடுத்துச் சாப்பிடுகிற இடத்தில் நமக்கு வேண்டியதைக் கேட்க இவ்வளவு தயங்க வேண்டாம் தம்பி.

மதியச் சாப்பாட்டை நிறுத்தியதுதான் உங்களைக் கவிழ்த்திருக்கிறது. பத்து மணி வரை காய்ந்த வயிறு பரோட்டாவைக் கண்டால் எண்ணிக்கையா பார்க்கும்? மதியம் உட்கார்ந்து சாப்பிடுங்கள். அளவுச் சாப்பாட்டில் சோறு குறைவாக வரும் என்று நினைப்போம். பல கடைகளில் சோற்றை மலையாகக் குவித்துவிட்டுப் பொரியலை ஒரு ஸ்பூன்தான் வைப்பார்கள். ஃபுல் மீல்ஸ் வாங்கி, சோற்றை ஒரு தடவையோடு நிறுத்தி, பொரியலும் கூட்டும் இரண்டாம் தடவை கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். சாம்பார், ரசம், மோர் மூன்றையும் அந்த ஒரு சோற்றிலேயே பங்கு போட்டுக்கொள்ளுங்கள். அப்பளத்தை விட்டுவிடலாம்.

ஒன்று மட்டும் கவனம். இலையில் விழுந்ததை மிச்சம் வைக்க நமக்கு மனசு வராது. சின்ன வயசிலிருந்து அப்படி வளர்ந்துவிட்டோம், அது நல்ல பழக்கமும்கூட. அதனால் சோற்று வாளி பக்கத்தில் வரும்போதே கையை இலைக்கு மேல் நீட்டி "போதும்ணே" என்று சொல்லிவிட வேண்டும். விழுந்த பிறகு சொல்லிப் பயனில்லை.

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கிற நேரத்தில் ஒரு பொட்டலம் சுண்டலோ, இரண்டு அவித்த முட்டையோ உள்ளே போகட்டும். ராத்திரிப் பசி பாதியாகும். நீங்கள் சுற்றுகிற ஊர்களைப் பார்த்தால் எனக்கே வாய் ஊறுகிறது. ஆனால் விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா எண்ணெயில் முங்கிப் பொரிந்து வருவது. அதை மாதத்துக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாளில் கல்லில் போட்ட சாதாப் பரோட்டா இரண்டு. அதுவே எண்ணெயில் ஊறிய மைதாதான், மறக்க வேண்டாம். சால்னாவைப் பரோட்டா மேல் ஊற்றவிடாமல் தனிக் கிண்ணத்தில் வாங்கித் தொட்டுக்கொள்ளுங்கள், மேலே மிதக்கிற சிவப்பு எண்ணெய் ஒதுங்கி நிற்கும். கூட ஒரு ஆம்லெட், எண்ணெய் கம்மியாக. பல பரோட்டாக் கடைகளில் ராத்திரி இட்லியும் கிடைக்கும். ஊரோடு சேர்ந்து நாம்தான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

டீயைப் பற்றி ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். ஆறு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 50 கிராமைத் தாண்டும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு வைத்திருக்கிற உச்ச வரம்பே ஏறக்குறைய அதுதான். பாதியாக இருந்தால் இன்னும் நல்லது என்கிறார்கள். சர்க்கரை இல்லாமல், ஸ்ட்ராங்காக, நாளைக்கு மூன்று போதும். முதல் பத்து நாள் கசக்கும்.

ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை போடுகிறவராக இருந்தால், சாப்பாட்டு வேளையை மாற்றும் முன் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வாரம் ஒரு நாள், ஒரே தராசில், காலையில் மட்டும் எடை பாருங்கள். மாதம் ஒரு கிலோ இறங்கினாலே எனக்குச் சந்தோஷம். இந்த வாரம் எண்ணெய் இல்லாமல் ஊத்தப்பம் கேட்டுப் பாருங்கள். சப்ளையர் என்ன சொன்னார் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள் தம்பி.

அன்புடன்,
அக்கா