டாஷ்போர்டு திணறுகிறதா? வாசகர் கேள்வி – பதில்

உடனுக்குடன் வணிகக் கணக்கு பார்க்க எந்தத் தரவுத்தளம் சரி என்று கேட்டு வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில்கள்.

கேள்வி: பில்லிங் மென்பொருள் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஓடுகிறது. விற்பனை டேபிளில் 4 கோடி வரிசைகள். பகலில் டாஷ்போர்டைத் திறந்தால் 40 விநாடி ஆகிறது. பில் போடுவதும் மெதுவாகிவிடுகிறது. கணக்கு ஆய்வுக்கான கிளிக்ஹவுஸ் தரவுத்தளத்துக்கு மாறிவிடலாமா?

இப்போதைக்கு வேண்டாம். 4 கோடி என்பது போஸ்ட்கிரெஸ் மிரளும் எண்ணிக்கை இல்லை. வரிசைக்கு 250 பைட் என்று வைத்தாலும் மொத்தம் 10 ஜிபிதான். ஆனால் அது ஒரு வரிசையின் எல்லா விவரங்களையும் சேர்த்தே 8 கேபி பக்கங்களில் வைக்கிறது. நீங்கள் தொகையும் தேதியும் மட்டும் கேட்டாலும் அந்த 10 ஜிபியையும் புரட்டியாக வேண்டும். பில் போடும் அதே சர்வரில் இது நடப்பதால் இரண்டு பக்கமும் இழுபறி.

முதலில் டாஷ்போர்டு குவெரிகளை (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்விகளை) ஒரு ரெப்ளிக்காவுக்கு, அதாவது மூல சர்வரின் நகலுக்கு, மாற்றுங்கள். அங்கே நீண்ட குவெரிகள் பாதியில் ரத்தானால் பயப்பட வேண்டாம். ரெப்ளிக்கா இன்னும் படித்துக்கொண்டிருக்கும் பழைய வரிசைகளை மூல சர்வர் துப்புரவு செய்துவிட்டால், போஸ்ட்கிரெஸ் இயல்பாக 30 விநாடிதான் பொறுக்கும். அதன்பின் குவெரியைக் கொன்றுவிடும். ரெப்ளிக்கா எதைப் படிக்கிறது என்று மூல சர்வருக்குச் சொல்லும் ஹாட் ஸ்டாண்ட்பை ஃபீட்பேக்கை இயக்கினால் போதும் என்பார்கள். இயக்கினால் ரத்து குறையும், ஆனால் மூல சர்வரில் வேக்கம் என்ற அந்தத் துப்புரவு தள்ளிப்போய் டேபிள் ஊதத் தொடங்கும். ரெப்ளிக்காவின் காத்திருப்பை 5 நிமிடமாக உயர்த்துவதே மேல். அந்த நேரத்தில் டாஷ்போர்டு சற்றுப் பின்தங்கும், அவ்வளவுதான்.

உண்மையில் வேலையை முடிப்பது முன்கூட்டியே கூட்டிவைத்த சுருக்க டேபிள். கிளை, பொருள் வகை, மணி நேரம் ஆகிய மூன்றின் ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு வரிசை. நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பு. இதை டிரிகர் (ஒவ்வொரு பில்லோடும் தானாக ஓடும் நிரல்) வைத்துச் செய்யாதீர்கள். ஒரு கிளையின் எல்லா பில்லும் ஒரே சுருக்க வரிசையைப் பூட்ட முட்டி மோதும், பில்லிங் இன்னும் படுத்துவிடும். தனியாக ஒரு வேலை ஓடட்டும்: ‘திருத்திய நேரம்’ பார்த்து எந்தெந்த மணிகளின் பில்கள் மாறினவோ, அந்த மணிகளை முழுதாகத் திரும்பக் கூட்டட்டும். நேற்றைய பில்லை இன்று ரத்து செய்தாலும் இதில் சரியாகிவிடும். பில்லை அழிக்காமல் ‘ரத்து’ என்று குறிப்பது மட்டும் முக்கியம். அழித்த வரிசைக்குத் திருத்திய நேரம் ஏது?

பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. போஸ்ட்கிரெஸில் நேரம் கேட்கும் நவ் என்ற செயல்கூறு டிரான்சாக்‌ஷன் தொடங்கிய நேரத்தைத் தரும், முடிந்த நேரத்தை அல்ல. 10:00:58க்குத் தொடங்கி 10:01:05க்கு கமிட் ஆன (நிரந்தரமாகப் பதிவான) பில்லில் 10:00:58 என்றே பதிந்திருக்கும். 10:01:00க்கு ஓடிய வேலையின் கண்ணில் அது படாது. அடுத்த வேலையோ 10:01:00க்குப் பிந்தியவற்றைத்தான் தேடும். அந்த பில் சுருக்கத்தில் வராமலே போய்விடும். ஒவ்வொரு முறையும் 15 நிமிடம் பின்னால் போய்த் தேடினால் இந்தத் தொல்லை இல்லை. 15 நிமிடத்துக்கு மேல் ஓடும் டிரான்சாக்‌ஷன் உங்களிடம் இருந்தால் அது வேறு நோய்.

சுருக்கத்தில் சராசரியை வைக்காதீர்கள். தொகையையும் எண்ணிக்கையையும் வையுங்கள், சராசரியைப் பார்க்கும்போது வகுத்துக்கொள்ளலாம். வாடிக்கையாளர் எண்ணிக்கை இன்னும் மோசம்: காலை வந்தவரே மாலையும் வந்தால் மணிவாரி எண்களைக் கூட்டினால் இரண்டு பேராகிவிடுவார்.

கேள்வி: அப்படியானால் வேறு தரவுத்தளத்துக்கு எப்போது போவது? எதற்குப் போவது?

எந்தக் கேள்வி வரும் என்று முன்கூட்டியே தெரியாதபோது. சுருக்க டேபிள் தெரிந்த கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். பல கோடி மூல வரிசைகளை ஆளுக்கொரு விதமாக வடிகட்டிப் பார்க்க வேண்டுமானால் நெடுவரிசைவாரியாகச் சேமித்து, கேட்ட நெடுவரிசைகளை மட்டும் படிக்கும் தரவுத்தளம் தேவை.

தனி ஒருவர், ஒரே கணினி, இரவில் ஏற்றிப் பகலில் ஆராய்வது என்றால் டக்டிபியே போதும். ஆனால் ஒரு சமயத்தில் ஒரே புராசஸ்தான் (இயங்கும் நிரல்) அதில் எழுத முடியும். தரவு நாள் முழுக்க வந்துகொண்டிருக்க, அலுவலகத்தினர் பார்க்கும் டாஷ்போர்டுக்கு கிளிக்ஹவுஸ் நல்ல தேர்வு. பல டேபிள்களை ஜாயின் செய்யும் குவெரிகளும், இடைவிடாத திருத்தங்களும் மிகுதி என்றால் ஸ்டார்ராக்ஸையும் சோதித்துப் பாருங்கள். உங்கள் வாடிக்கையாளர்களே ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் திறக்கும் திரை என்றால் பினோ. டிரூயிடும் அந்த வகைதான், ஆனால் அதன் ரோலப் வசதியை இயக்கினால் தரவு உள்ளே வரும்போதே கூட்டிச் சேர்க்கப்படும், மூல வரிசை அதில் மிஞ்சாது. தவிர இந்த இரண்டிலும் பல வகை சர்வர்களையும் கூடவே அவற்றை ஒருங்கிணைக்கும் ஜூகீப்பரையும் பராமரிக்க வேண்டும். அதற்கு ஆள் இல்லாத இடத்தில் இவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: கிளிக்ஹவுஸ் நிறுவினோம். இரண்டே நாளில் ‘டூ மெனி பார்ட்ஸ்’ என்ற பிழையுடன் தரவை ஏற்க மறுக்கிறது. வரம்பைக் கூட்டினால் சரியாகுமா?

ஆகாது, தள்ளிப்போகும். நீங்கள் ஒவ்வொரு பில்லையும் தனித்தனி இன்சர்ட்டாக (எழுதும் கட்டளையாக) அனுப்புகிறீர்கள் என்று தோன்றுகிறது. ஒவ்வொரு இன்சர்ட்டும் டிஸ்க்கில் ஒரு புதிய பார்ட், அதாவது தனித் தரவுத் துண்டு, ஆகிறது. பின்னணியில் அவை ஒன்றோடொன்று இணைய வேண்டும். இணைவதைவிட வேகமாகப் புதியவை வந்தால் முதலில் எழுதுவதைத் தாமதப்படுத்தும், பிறகு கதவைச் சாத்தும்.

விநாடிக்கு ஒரு இன்சர்ட், அதில் 10,000 முதல் 1 லட்சம் வரிசை என்ற அளவில் சேர்த்து அனுப்புங்கள். அனுப்பும் பக்கத்தில் சேர்த்துவைக்க வழியில்லை என்றால், சர்வரே சேர்த்துவைத்து எழுதும் அசிங்க் இன்சர்ட்டை இயக்கலாம். அப்போது, எழுதி முடியும்வரை காத்திருக்கும் அமைப்பை அணைத்துவிடாதீர்கள். அணைத்தால் எழுத்து தோற்றுப்போனது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

பார்ட்டிஷனையும் (டேபிளைப் பிரித்து வைக்கும் முறையையும்) பாருங்கள். வாடிக்கையாளர் வாரியாகப் பிரித்திருந்தால், ஒரே இன்சர்ட்டில் 50 வாடிக்கையாளர் இருக்கும்போது 50 பார்ட் பிறக்கும். மாதவாரி போதும். வேகத்துக்கு பார்ட்டிஷனை நம்ப வேண்டாம், அதற்கு வரிசைகளை எப்படி அடுக்குவது என்று சொல்லும் ஆர்டர் பை இருக்கிறது. இண்டெக்ஸ் 8,192 வரிசைக்கு ஒரு குறி மட்டுமே வைக்கிறது. ஆகவே எப்போதும் வடிகட்டும், குறைந்த வகைகளே உள்ள நெடுவரிசை முதலில் வரட்டும்: கிளை, பொருள் வகை, அப்புறம் நேரம். நேரத்தை முதலில் போட்டால், ஒரே ஒரு கிளையைக் கேட்டாலும் அந்தக் காலத்து வரிசைகள் எல்லாவற்றையும் படிக்கும். இந்த வரிசைமுறையைப் பிறகு மாற்ற டேபிளையே புதிதாகக் கட்ட வேண்டியிருக்கும். முதல் நாளே யோசித்து வையுங்கள்.

கேள்வி: கிளிக்ஹவுஸில் பழைய பதிப்பை நீக்கும் ரிப்ளேசிங் மெர்ஜ்ட்ரீ டேபிள் பயன்படுத்துகிறோம். இருந்தும் ஒரே ஆர்டர் இரண்டு முறை கூட்டப்படுகிறது. ஏன்?

மூன்று காரணங்கள் இருக்கலாம். பழைய பதிப்பை அது நீக்குவது பார்ட்கள் இணையும்போதுதான். அது எப்போது என்று சொல்ல முடியாது. குவெரியில் ஃபைனல் என்ற சொல்லைச் சேர்த்தால் படிக்கும்போதே பழையதை ஒதுக்கும், கொஞ்சம் மெதுவாகும். இரண்டாவது, ஆர்டர் பையில் ‘நிலை’ போன்ற மாறும் நெடுவரிசையைச் சேர்த்திருந்தால் ‘காத்திருப்பு’, ‘அனுப்பியது’ இரண்டும் அதன் கண்ணுக்கு வேறுவேறு ஆர்டர். மூன்றாவதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்: வெவ்வேறு பார்ட்டிஷனில் உள்ள பார்ட்கள் ஒருபோதும் இணைவதில்லை. திருத்திய தேதியை வைத்துப் பிரித்திருந்தால், ஜனவரியில் வந்து பிப்ரவரியில் திருத்தப்பட்ட ஆர்டர் இரண்டு இடத்திலும் நிரந்தரமாக இருக்கும். ஆர்டர் உருவான தேதியை வைத்துப் பிரியுங்கள், அது மாறாது.

கேள்வி: போஸ்ட்கிரெஸிலிருந்து, மாற்றங்களை உடனுக்குடன் எடுத்தனுப்பும் டெபீசியம் வழியாகத் தரவை எடுக்கிறோம். ஒருநாள் அது நின்றுபோக, பில்லிங் சர்வரின் டிஸ்க்கே நிரம்பிவிட்டது. என்ன தொடர்பு?

ரெப்ளிகேஷன் ஸ்லாட். படிக்க வேண்டியவர் வந்து படிக்கும்வரை, வால் (WAL) என்ற மாற்றப் பதிவுக் கோப்புகளை அது பிடித்து வைத்திருக்கும். இயல்பில் இதற்கு உச்சவரம்பு இல்லை. பதிப்பு 13 முதல் மேக்ஸ் ஸ்லாட் வால் கீப் சைஸ் என்ற அமைப்பு உண்டு. காலி டிஸ்க்கில் பாதிக்கு மேல் போகாமல் வையுங்கள். அதைத் தாண்டினால் ஸ்லாட் செல்லாததாகி, தரவை முதலிலிருந்து ஏற்ற வேண்டிவரும். எரிச்சலான வேலைதான், ஆனால் பில்லிங் நிற்பதைவிடத் தேவலை. ஸ்லாட் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதற்கு ஒரு அலாரமும் வையுங்கள்.

கேள்வி: ஸ்னோஃப்ளேக் கிளவுட் தரவுத்தளத்தில் பெரிதாக எதுவும் ஓடவில்லை, ஆனாலும் பில் எகிறுகிறது.

டாஷ்போர்டின் தானியங்கிப் புதுப்பிப்பைப் பாருங்கள். வேர்ஹவுஸ், அதாவது குவெரிகளை ஓட்டும் கணினித் தொகுப்பு, விழித்திருக்கும் நேரத்துக்கே கட்டணம். ஒவ்வொரு விழிப்புக்கும் குறைந்தது 60 விநாடி. 30 விநாடிக்கு ஒருமுறை ஒரு திரை கேட்டுக்கொண்டிருந்தால் அது தூங்கவே போகாது. கூகுளின் பிக்குவெரி தரவுத்தளத்தின் ஆன் டிமாண்ட் முறையில் கதை வேறு: படித்த பைட்டுகளுக்குக் கட்டணம். அங்கே சாதாரண டேபிளில் லிமிட் போட்டுப் பத்து வரிசை கேட்டாலும் பணம் குறையாது.

கேள்வி: கிளிக்பெஞ்ச் முடிவுகளைப் பார்த்து முடிவெடுக்கலாமா?

அது சுமார் 10 கோடி வரிசை கொண்ட ஒரே ஒரு டேபிளில் 43 குவெரிகளை ஓட்டும் சோதனை. ஜாயின் இல்லை, திருத்தம் இல்லை, குவெரி ஓடும்போதே தரவு வந்து குவிவதும் இல்லை. உங்கள் சொந்தத் தரவில் ஒரு மாதத்தை ஏற்றி, அதிகம் ஓடும் பத்து குவெரிகளை எடுத்து, பின்னணியில் தரவு வந்துகொண்டிருக்கும்போதே 20 பேர் சேர்ந்து கேட்பதுபோல் ஓட்டுங்கள். ரத்தான ஆர்டர்களையும் அதில் கலந்து விடுங்கள். கூட்டுத்தொகை பில்லிங்குடன் பைசா பிசகாமல் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால், வேகத்தை அளப்பதற்கு முன் தொகை நெடுவரிசை ஃபுளோட்டில் (தோராய எண்) இருக்கிறதா டெசிமலிலா (துல்லிய எண்) என்று பார்த்துவிடுங்கள்.