ஊரடங்கைவிட வேறு வழி இருந்ததா?

கொரோனாவுக்கு ஊரடங்கு தவிர வேறு வழி இருந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். இருந்தது; ஆனாலும் ஊரடங்கு வீண் என்று சொல்லமாட்டேன். தடுப்பூசி இல்லாத 2020 மார்ச்சில் அது மருத்துவமனைகளுக்கு அவகாசம் தந்தது. தென்கொரியாவோ பரவலான பரிசோதனையாலும் தொடர்புகளைத் தேடிப் பிடித்ததாலும் நாட்டையே பூட்டாமல் முதல் அலையை அடக்கியது.

இலங்கையின் மலையகத்தைப் பாருங்கள். நாடெங்கும் ஊரடங்கு இருந்தபோதும் தேயிலைத் தோட்டங்கள் இயங்கின. கொழுந்து பறித்துவிட்டு லயத்துக்கு, அதாவது தொழிலாளருக்கென வரிசையாகக் கட்டிய வீட்டுக்கு, திரும்பினால், தாத்தா முதல் கைக்குழந்தை வரை ஒரே அறை. பல இடங்களில் குழாயும் கழிப்பறையும் பொது. இங்கே 'வீட்டிலேயே இருங்கள்' என்பது நோயாளியோடு மற்றவர்களையும் சேர்த்து அடைப்பதுதான். கூலி போய்விடும் என்று அஞ்சுபவர் காய்ச்சலை மறைத்துக்கொண்டு மலைக்கு வேலைக்குப் போவார். ஆகவே தொற்றியவருக்குத் தனி இடம், இழந்த நாட்சம்பளத்துக்கு ஈடு, தோட்டத்திலேயே பரிசோதனை ஆகியவை இல்லாத ஊரடங்கை என்னால் ஆதரிக்க முடியாது.