வாசகர் கேள்வி – பதில்: புகையில் வேகும் தோள்கறி

கேள்வி: எலும்போடு மூன்று கிலோ பன்றித் தோள்கறியைக் காலை 8 மணிக்குக் கெட்டில் கிரில்லில் (மூடி போட்ட உருண்டைக் கரியடுப்பு) வைத்தேன். மதியம் 12 மணிக்கு உள்சூடு 68 டிகிரி செல்சியஸ். 3 மணிக்கும் அதே 68. பதறிப்போய்க் கரியை அள்ளிப் போட்டதில் வெளியே கருகியது, உள்ளே நார் பிரியவே இல்லை. கிரில்லில் கோளாறா?
– ஒரு வாசகர், டொராண்டோ

பதில்: கிரில்லில் ஒன்றுமில்லை. கறி வியர்த்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். 65 டிகிரியைத் தாண்டும்போது கறியின் ஈரம் மேலே கசிந்து ஆவியாகும். நெருப்பு கொடுக்கும் சூட்டை அந்த ஆவியே கொண்டுபோய்விடும். மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே கணக்கு. அமெரிக்க பார்பிக்யூக்காரர்கள் இதை 'ஸ்டால்' என்பார்கள். சில நேரம் நாலைந்து மணி நேரம் தெர்மாமீட்டர் முள் அசையாது. கரியைக் கூட்டினால் மேல்தோல்தான் தீயும்.

காத்திருக்கலாம், அல்லது சுற்றலாம். கறிமேல் மசாலா காய்ந்து படியும் மேல்பட்டை கருஞ்சிவப்பாகி, நகத்தால் கீறினாலும் மசாலா உரியாத நிலை வந்ததும் இரண்டு அடுக்கு அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றுங்கள். ஆவி வெளியேற வழியில்லாததால் சூடு ஏறத் தொடங்கும். பட்டை கொஞ்சம் இளகும். அது இதற்குக் கொடுக்கும் விலை. அவசரப்பட்டு முன்னாலேயே சுற்றினால் அவித்த கறிதான் கிடைக்கும். சுற்றியபின் புகை உள்ளே போகாது என்பதால், மீதி வேலையை 120 டிகிரி சமையலறை ஓவனில் முடித்தாலும் குற்றமில்லை.

முழுத்துண்டுப் பன்றிக்கறி 63 டிகிரியை எட்டி மூன்று நிமிடம் ஆறினாலே சாப்பிடப் பாதுகாப்பானது என்பது அமெரிக்கக் கணக்கு. ஆனால் தோள்பட்டை உழைத்த தசை. அதிலுள்ள கொலாஜன் என்ற கெட்டிப் புரதம் ஜெலட்டினாகக் கரைந்தால்தான் பிய்க்க வரும். எலும்பில் படாமல் தெர்மாமீட்டரைக் குத்துங்கள்: 93 முதல் 96 வரை காட்டவேண்டும், கம்பி வெந்த சேப்பங்கிழங்கில் இறங்குவதுபோல இறங்கவேண்டும். எலும்பை முறுக்கினால் கழன்று வரும். உடனே பிய்க்காதீர்கள். தாளோடு துண்டில் சுற்றி, காலி ஐஸ்பெட்டிக்குள் ஒரு மணி நேரமாவது வையுங்கள். உள்சூடு 60-க்குக் கீழே போகாதவரை மூன்று மணி நேரம் இருந்தாலும் கெடாது.

கேள்வி: கறி கசக்கிறது. புகைக்கு ஹிக்கரி என்ற அமெரிக்க மரம்தான் போட்டேன்.

பதில்: மரத்தைக் குறை சொல்லாதீர்கள், காற்று போதவில்லை. விறகு மூச்சுத்திணறிப் புகைந்தால் அடர்ந்த வெள்ளைப் புகை வரும், அதுதான் கசப்பு. மூடியின் மேல்துளையை முழுதாகத் திறந்துவிட்டு, சூட்டைக் கீழ்த்துளையால் மட்டும் கட்டுப்படுத்துங்கள். கரித்துண்டுகளை விளிம்போரமாக இரண்டு வரிசை, இரண்டு அடுக்காக முக்கால் வட்டம் அடுக்கி, ஒரு முனையில் பத்துப் பன்னிரண்டு கனிந்த துண்டுகளை வைத்தால் பாம்பு ஊர்வதுபோல மெல்லப் பற்றிக்கொண்டே போகும். கைப்பிடி அளவு மரத்துண்டு நான்கைந்து போதும், முதல் பாதியில் மட்டும். ஊறவைக்க வேண்டாம். புகை மெல்லியதாக, லேசான நீலத்தில் வந்தபிறகே கறியை ஏற்றுங்கள். பைன் போன்ற பிசின் மரங்கள் கூடவே கூடாது.

கேள்வி: பட்டைக்கு அடியில் இளஞ்சிவப்பாக இருக்கிறதே, வேகவில்லையா?

பதில்: வெந்திருக்கிறது. புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடு தசைக்குச் சிவப்பு தரும் மயோகுளோபின் புரதத்தோடு சேர்ந்து நிறம் தருகிறது. நிறத்தை விடுங்கள், தெர்மாமீட்டரை நம்புங்கள்.

கேள்வி: உப்பு எவ்வளவு? சாஸ் என்ன?

பதில்: கிலோவுக்கு 15 கிராம் உப்பு, முந்தைய இரவே தடவி ஃபிரிட்ஜில் திறந்து வையுங்கள். மிளகு, பாப்ரிகா எல்லாம் காலையில்.

சாஸுக்கு வட கரோலினாவின் கிழக்குப் பகுதிக்காரர்கள் வினிகரோடு நிறுத்திக்கொள்வார்கள்: ஒரு கப் ஆப்பிள் சைடர் வினிகர், ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, தேக்கரண்டி உப்பு, தேக்கரண்டி மிளகாய்ச் செதில், அரைத் தேக்கரண்டி மிளகு. காய்ச்ச வேண்டாம், ஒரு இரவு ஊறினால் போதும். அதே மாநிலத்தின் லெக்சிங்டனில் கெட்சப்பும் சேர்த்து 'டிப்' என்பார்கள். கொழுப்புக்கு வெறும் வினிகரே எடுப்பு என்பது எங்கள் கட்சி.

தாளில் தேங்கிய சாறின் கொழுப்பை வழித்தெடுத்துவிட்டு, பிய்த்த கறியில் முதலில் அதை ஊற்றுங்கள். பிறகு சாஸைக் கொஞ்சம் கொஞ்சமாக. இடியாப்பம்போல மெல்லியதாகப் பிய்த்தால் பத்தே நிமிடத்தில் வறண்டுவிடும். விரல் தடிமனில் விடுங்கள்.